அத்தையின் வலியோடு சிதம்பரம் வரை

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி நின்றது. பாதி இருக்கை காலி. ஜன்னல் ஓரம் காலி. அதிகம் குலுங்காத நடு இருக்கைகளும் காலி. உங்கள் ஆரோக்கியம் அத்தை ஏறினாள், நடைவழியில் கம்பியைப் பிடித்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"உக்காருக்கா," என்றேன்.

"நீ உக்காரு. நான் நிக்கிறேன்."

"பித்தப்பையில கல்லை வச்சிக்கிட்டு சிதம்பரம் வரைக்கும் நின்னுக்கிட்டே வருவியா?"

"கல்லு உக்காந்துதான் இருக்கு. நான் நின்னா ஒனக்கென்ன?"

ஜெனி, ரூபன், பிள்ளைகளா, எங்கள் பயணம் இப்படித்தான் தொடங்கியது. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட்டும் ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். வழியில் வண்டி ஒழுங்காகப் போனால் ஒன்றரை மணி நேரம். நீங்கள் இருவரும் அன்று பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள், அதனால் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னை நிறுத்தி விசாரித்துவிட்டார்கள். நாளைக்கு ஜெனியை நிறுத்தி, "ஒங்க அத்தை ஒனக்காகத்தான் இப்படிக் கெடந்தாங்களாமே" என்று யாராவது பாதிக் கதையைச் சொல்வார்கள். அதற்குள் முழுக் கதையையும் நானே எழுதிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவன். பெரிய விஷயங்களை எழுதத் தெரியாது. ஆனால் எரிச்சல் வந்தால் எனக்கும் எழுத வரும் என்று இப்போதுதான் தெரிகிறது.

முதலில் அத்தைக்கு என்ன நோய் என்று சொல்கிறேன். அத்தையின் பித்தப்பையில் கற்கள். ஒரு வருஷமாகவே வலி. இரண்டு வாரமாகக் கண்ணில் மஞ்சள். கடலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒரு கல்லு பாதையை அடைக்க ஆரம்பிச்சிருக்கு. சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குள்ள போய்ச் சேர்ந்துடுங்க. தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லி, வலிக்கு ஓர் அட்டை மாத்திரையும் கொடுத்தார். அந்த அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அதில் ஒன்றுகூடக் குறையவில்லை. அத்தை தொடவே இல்லை.

"வர்றேன். டாக்டரைப் பாக்குறேன். ஆபரேஷன் கீபரேஷன்னு மட்டும் பேசாத" என்ற நிபந்தனையோடுதான் வண்டியேறினாள்.

ஏன் இப்படி என்று கேட்டால், "ஒப்புக்கொடுத்திருக்கேன்" என்பாள். நம் வீடுகளில் இந்தப் பேச்சு உங்களுக்குப் புதிதல்ல. பல் வலித்தாலும், வெயிலில் கால் சுட்டாலும், "மொனகாத, ஒப்புக்கொடு" என்பார்கள். நம் வலியை ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளோடு சேர்த்து, யாருக்காகவாவது காணிக்கையாக வைப்பதுதான் அது. செத்துப்போய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் ஆன்மாக்களுக்காகச் சிலர் வைப்பார்கள். இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. என் அப்பா கடைசிக் காலத்தில் அப்படித்தான் தாங்கினார். ஆனால் மாத்திரையைத் தம்பி சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒப்புக்கொடுக்கிற ஆளை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

கண்டக்டர் வந்தார். "ஏம்மா, இத்தினி சீட்டு காலியா கெடக்குது, நடுவால நிக்கிறீங்க?"

"நேர்ச்சை தம்பி."

"நிக்கிறதுக்குன்னு டிக்கெட்ல கொறைக்கிறதில்லம்மா." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

முதுநகர் தாண்டி, சிப்காட் பக்கம் வந்தபோது எட்டு மணி. அந்த இடத்துக் காற்றில் ஒரு மருந்து நாற்றம் வருமே, வண்டியில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அத்தை பொத்தவில்லை. அதையும் ஒப்புக்கொடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்து இருக்கையில் நெல்லிக்குப்பத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். புருஷன் சர்க்கரை ஆலையில் வேலை. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிறார். மடியில் ஒரு கட்டைப் பை நிறைய முருங்கைக்காய். அத்தையின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அத்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

உங்களுக்குத் தெரியும், அத்தை நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து சாமியார்களுக்கு அங்கி தைக்கிறவள். ராத்திரியில் கோயில் நூலகத்துப் புத்தகம்தான் அவளுக்குத் துணை. அதிலும் எழுநூறு, அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் தியான யோகிகள் என்றால் உயிர். மடத்தில் வாழ்ந்த துறவிகள், கன்னியர்கள். கொள்ளைநோய் வந்து தெருத்தெருவாக ஆட்கள் சாகிற காலம் அது. வலிக்கு மருந்து கிடையாது. "இந்த வலியெல்லாம் எதுக்கு?" என்று கேட்டவர்களில் சிலர், "ஆண்டவரே இந்த வழியாத்தான் போனார். நாமும் இதே வழியில் போனால் அவரைச் சந்திக்கலாம்" என்று பதில் கண்டுபிடித்தார்கள். அது சின்னப் பதில் இல்லை. வலியில் கிடக்கிற மனுஷனுக்கு, நீ தனியாகக் கிடக்கவில்லை என்று சொல்கிற பதில். அதுவரைக்கும் எனக்கும் சம்மதம்தான்.

ஆனால் அத்தை அங்கே நிறுத்த மாட்டாள்.

"ஜெர்மன் தேசத்துல ஒரு துறவி இருந்தாரும்மா. மரத்துல சிலுவை செஞ்சு, அதுல ஆணி அடிச்சு, முதுகுல சட்டைக்கு உள்ள கட்டிக்கிட்டு வருஷக்கணக்கா நடந்தாரு. ராத்திரி படுக்குறப்பகூட அவுக்கல."

"ஐயய்யோ," என்றார் நெல்லிக்குப்பத்து அம்மா. "யாரு கட்டிவுட்டது?"

"யாரும் இல்ல. அவரே கட்டிக்கிட்டாரு."

"அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் போறே? எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான், அவரே போயி எங்கயாவது மாட்டிக்குவாரு."

வண்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அடுத்து, இங்கிலாந்தில் கோயில் சுவரோடு ஒட்டிய ஒரு சின்ன அறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னாள். சின்ன வயதில் அந்தப் பெண், "எனக்குச் சாவுக்கிட்ட போற மாதிரி ஒரு நோயைக் குடும்" என்று ஆண்டவரிடம் கேட்டாராம். கேட்டபடியே வந்ததாம். (ஜெனி, அப்படி அறையில் வாழ்கிறவர்கள் ஒரு பூனை வைத்துக்கொள்ளலாமாம். அத்தை இதை உனக்குச் சொன்னாளோ இல்லையோ.)

"கேட்டு வாங்குனாங்களா!" என்று நெல்லிக்குப்பத்து அம்மா வாயில் கைவைத்தார். "நீயும் அப்படிக் கேட்டு வாங்குனியா?"

"எனக்குத் தானா வந்துச்சு. வந்ததை நான் விடல, அவ்வளவுதான்."

ஆலப்பாக்கம் வந்தது. அங்கே வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அத்தை ஒரு சத்தம்கூடப் போடாமல் கம்பியை விட்டுவிட்டு அப்படியே வண்டித் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முகம் சாம்பல் மாதிரி. நான் மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வாய்ப் பக்கம் கொண்டுபோனேன். தலையை ஆட்டி, பல்லைக் கடித்தாள். காக்காய்க்குச் சோறு வைப்பதுபோல நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறேன், முழு வண்டியும் பார்க்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நெல்லிக்குப்பத்து அம்மாதான் முருங்கைக்காய்ப் பையைக் கண்டக்டரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, அத்தையின் அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

வலி கொஞ்சம் அடங்கியது. "எதுக்கும்மா இந்த நேர்ச்சை? யாருக்காக வேண்டிக்கிட்டே?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இவன் பொண்ணுக்காக."

ஜெனி, போன மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனதே, உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அத்தை அப்போது கோயிலுக்குப் போய், பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு, "பிள்ளையைக் குடும். என் வயித்து வலியை நான் வச்சிக்கிறேன். அதுக்கு மருந்தோ கத்தியோ தேட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் இறங்கியது. அத்தை யாரிடமும் சொல்லவில்லை. வலியை வைத்துக்கொண்டாள்.

நான் அதுவரை இதைப் புத்தகம் படித்து வந்த பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். அழுகை வந்ததா, கோபம் வந்ததா என்றால், கோபம் என்றே வைத்துக்கொள்வோம்.

"யாரைக் கேட்டு வேண்டுன?"

"வேண்டுறதுக்கு ஒன்னைக் கேக்கணுமாடா?"

"எம் பொண்ணு பேரைச் சொல்லி வேண்டுனா என்னைக் கேக்கணும்! நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னு வையி, அவ என்னான்னு நெனைப்பா? அத்தை செத்துத்தான் நான் பொழைச்சேன்னு நெனைச்சுக்கிட்டே வளரணுமா? இதான் நீ அவளுக்குக் குடுக்குறதா?"

அத்தை சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வாக்குக் குடுத்துட்டேன் சவரி. குடுத்ததைத் திருப்பி வாங்குனா, அவரும் குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டாருன்னா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தை வீரத்தால் மட்டும் வலியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பயத்தாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை விட்டால் நீ விழுந்துவிடுவாய் என்று நினைத்தாள்.

வண்டி புதுச்சத்திரம் தாண்டியது. நெல்லிக்குப்பத்து அம்மாதான் ஆரம்பித்தார்.

"நானும் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிச்சவதான்மா. எங்க பெரியவனுக்கு அம்மை போட்டப்ப வேண்டிக்கிட்டேன். நெருப்புக்கு அந்தாண்ட ஒரு குழி வெட்டிப் பாலும் தண்ணியுமா ஊத்தி வச்சிருப்பாங்க. மிதிச்சு முடிச்சதும் அதுல கால வச்சிட்டு வூட்டுக்கு வந்துடுவோம். நெருப்புலயே நில்லுன்னு அம்மா சொல்லல. ஒன் நேர்ச்சையில பால்குழி எங்க இருக்குது?"

அத்தை குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

எனக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஞாயிறு மறைக்கல்வியில் கடைசி பெஞ்சில் இருந்தவன்தான், ஆனாலும் இது மனதில் நின்றிருக்கிறது: ஒருவர் தானாகச் செய்த நேர்ச்சையை, தக்க காரணம் இருந்தால், பங்குத்தந்தை நீக்கலாம், இல்லை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கலாம். நம் பங்கில் முன்பு உதவிக் குருவாக இருந்த ஃபாதர் இப்போது சிதம்பரத்தில் பங்குத்தந்தை. "அக்கா, அவருகிட்டப் போவோம். அவரு என்னா சொல்றாரோ அதைக் கேக்குறியா?" என்றேன். அத்தை யோசித்தாள். அந்த யோகிகளும் தங்கள் ஆன்ம குரு சொன்னதைக் கேட்டவர்கள்தான். மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒன்பது மணி பத்து நிமிடம். நெல்லிக்குப்பத்து அம்மா ஒரு கட்டு முருங்கைக்காயை என் கையில் திணித்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு முருங்கைக்காய் எதற்கு? வாங்கிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். நடராசர் கோயில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ போனது. வாசலில் கற்பூர வியாபாரம், செருப்பு டோக்கன், கும்பல். அதே ஆட்டோவில் ஏறிய மூன்று பேர் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேண்டுதல்.

நம் கோயில் வளாகத்தில் திருவிழா வேலை. தென்னை மரத்தில் இரண்டு புனல் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தார்கள். ஃபாதர் கையில் வயர் இல்லாத மைக்கை வைத்துக்கொண்டு மைக் செட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "நாலு நாளா சொல்றேன், கொரகொரன்னுதான் வருது. இதுல நான் கொடியேத்துனா மாதிரிதான்." என்னைப் பார்த்ததும், "அட சவரி! வாங்க, வாங்க. கிரைண்டர்காரரு வந்துட்டாரு, இதையும் பாத்துக் குடுங்க" என்றார். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

தென்னை மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அத்தை நேர்ச்சையைச் சொன்னாள். ஃபாதர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஜெர்மன் துறவி, ஆணி, சிலுவை, இங்கிலாந்துப் பெண் எல்லாம் வந்தது. முடிந்ததும் ஃபாதர் மைக்கை நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே பேசினார். அவர் முதல் வார்த்தையிலேயே தென்னை மரத்திலிருந்து அவர் குரல் பெரிசாக வந்தது. மைக் சரியாகிவிட்டிருந்தது. ஃபாதர் கவனிக்கவில்லை. ஒரு பக்கத்துக் காது அவருக்கு மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஆணியோட நிறுத்திட்டீங்களேம்மா. மீதிக் கதை?"

"எது ஃபாதர்?"

"வருஷக்கணக்கா கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு, ஒடம்பு அழிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு நாள், போதும் நிறுத்துன்னு அவருக்கே உள்ளுக்குள்ள உணர்த்தப்பட்டுச்சு. எல்லாத்தையும் கொண்டுபோயித் தண்ணியில எறிஞ்சாரு. அதுக்கப்புறம் இன்னாச்சு? செய்யாத தப்பைச் செஞ்சாருன்னு ஊரே பேசுச்சு. கூட இருந்தவங்களே கைவிட்டாங்க. ஆணியைத் தாங்குன மனுஷன் அதைத் தாங்க முடியாம அழுதாரு. ஏன்? ஆணி அவரே பாத்து வாங்குனது. எப்ப கட்டணும், எங்க கட்டணும் எல்லாம் அவரு இஷ்டம். இது அவரு இஷ்டத்துல வரல. அந்த ரெண்டாவதுதான் பாடுன்னு அப்புறமாத்தான் கத்துக்கிட்டாரு."

"பித்தப்பைக் கல்லு நான் பாத்து வாங்குனது இல்ல ஃபாதர்."

"கல்லு வந்தது தானா. மாத்திரையை வேணாம்னு சொல்றது யாரு?"

அத்தை தலையைக் குனிந்தாள். வளாகத்துக்கு வெளியே தெருவில் ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது. பூக்கடை அம்மா கட்டிய சரத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று கேட்டார். நான் ஃபாதருக்குச் சைகை காட்டினேன். அவர் நான் அவசரப்படுத்துவதாக நினைத்து, "இருங்க சவரி" என்றார். தெரு முழுக்க "இருங்க சவரி" கேட்டது.

"அந்த இங்கிலாந்து அம்மாவும் அப்படித்தான்," என்றார் ஃபாதர். "நோயைக் கேட்டு வாங்குனாங்க, சரி. அதுக்கப்புறம் பல வருஷம் யோசிச்சு என்னா கண்டுபிடிச்சாங்க? வலி பெருசுன்னா? இல்ல. அன்புதான் எல்லாத்துக்கும் அர்த்தம்னு கண்டுபிடிச்சாங்க. ஒரு கொழந்தையைப் பொழைக்க வைக்க அதோட அத்தை பித்தப்பை வேணும்னு கேக்குற ஆளாம்மா நம்ம ஆண்டவரு?"

அத்தை அழுதாள். ஒரு வருஷமாக வயிற்று வலிக்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

"அப்ப ஜெனிக்கு ஒண்ணும் ஆவாதா ஃபாதர்?"

"ஜெனிக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவாங்க, நீங்க செபம் பண்ணுங்க. மாத்திரை சாப்பிட்டுட்டுப் பண்ணுங்க. இப்ப நேர்ச்சைக்கு வருவோம். பங்குத்தந்தைங்கிற முறையில நான் இதை மாத்துறேன்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பதிலுக்குப் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று தயாரானாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கணும். முடிஞ்சு மூணு மாசம் தம்பி வூட்டுல இருக்கணும். தம்பி பொண்டாட்டி லீமா சொல்றதைக் கேக்கணும். அவுங்க ஆக்கிப் போடுறதைக் கொறை சொல்லாமச் சாப்பிடணும். தலைக்கு ஊத்திவுட்டா பேசாம ஒக்காந்திருக்கணும்."

அத்தையின் முகம் ஆலப்பாக்கத்து வேகத்தடையில் போன மாதிரி போனது.

"ஃபாதர், சிலுவைப்பாதை பதினாலு ஸ்தலமும் முட்டி போட்டே செய்யிறேன்."

"வேணாம்."

"வெள்ளிக்கிழமை தோறும் ஒருசந்தி இருக்கேன். வெறும் கஞ்சி."

"லீமா குடுத்தா கஞ்சி குடிங்க. இட்லி குடுத்தா இட்லி."

"அவ சாம்பார்ல தண்ணியைத் தவிர ஒண்ணுமே இருக்காது ஃபாதர்!"

"அதை ஒப்புக்கொடுங்க," என்றது தென்னை மரம்.

தெருவில் யாரோ கைதட்டினார்கள். அப்போதுதான் ஃபாதர் மைக்கைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தலையில் கைவைத்தார். அத்தையிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். மைக் செட்காரர் மட்டும், "பாத்தீங்களா, இப்ப எவ்வளவு கிளியரா கேக்குது" என்று சந்தோஷப்பட்டார்.

வெளியே வந்தபோது பூக்கடை அம்மா வழிமறித்தார். கையில் தண்ணீர்ப் பாட்டில். "தோ பாரும்மா, சாமியே சொல்லிட்டாரு. மாத்திரையைப் போடு." டிவிஎஸ்காரர், டீக்கடைக்காரர், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அத்தை யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷம் மறைத்து வைத்த விஷயம் சிதம்பரத்தில் ஒரு தெருவுக்கே தெரிந்துவிட்டது. முகமெல்லாம் சிவந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் கேட்டது இல்லடா சவரி."

"கேக்காம வர்றதுதான் பாடுன்னு இப்பதானே மரத்துல சொன்னாரு."

என்னை முறைத்தாள். பிறகு கையை நீட்டினாள். நான் மாத்திரையை வைத்தேன். தெருவே பார்க்க விழுங்கினாள். ஆணிக்காரருக்கு அவப்பெயர் வந்தது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது.

பதினொன்றுக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். கும்பல் அதிகம். வரிசையில் நின்றதெல்லாம் எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். சம்மதக் கையெழுத்து கேட்டபோது அத்தை பேனாவை வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள். மதியம் உங்கள் அம்மா வந்துவிட்டாள். "அண்ணி, மொதல்ல தலை பின்னி விடுறேன், திரும்புங்க" என்றாள். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டு திரும்பினாள். உதடு அசைந்தது. செபம்தான் என்று நம்புகிறேன். நான் கிளம்பும்போது, "அந்த மாத்திரை அட்டையை வச்சிட்டுப் போடா" என்றாள்.

மூன்றரை மணி வண்டியில் திரும்பினேன். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன். யாருக்கும் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை. மடியில் முருங்கைக்காய்க் கட்டு. வெள்ளாறு வெயிலில் மின்னியது. சிப்காட் நாற்றம் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் யோசித்தேன், ஜெனி. அத்தை வலி தாங்கியதால்தான் எனக்குக் காய்ச்சல் போனதா என்று நீ கேட்பாய். அப்படி இல்லை. உனக்கு ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், காய்ச்சல் அதன் கணக்குக்கு இறங்கியது. அப்படியானால் அத்தை பட்டதெல்லாம் வீணா என்றும் கேட்பாய். அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி உன் படுக்கையண்டை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தையாலும் முடியவில்லை. கையில் இருந்தது ஒரு வலிதான், அதைத் தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பழைய காலத்து ஆட்களும் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள். கொடுத்தது தப்பில்லை. விட மறுத்ததுதான் என்னைப் பைத்தியமாக்கியது. நீ யாருக்காவது கடன்பட்டுப் பிழைத்த பிள்ளை இல்லை. ஓர் அத்தைக்கு இவ்வளவு பிரியமான பிள்ளை. யார் வழியில் நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. கண்ணில் மஞ்சள் இறங்குகிறதாம். நாளை மறுநாள் அத்தை நம் வீட்டுக்கு வருகிறாள். ஜன்னல் ஓரக் கட்டிலை ஒழித்துக் கொடுங்கள். ரூபன், உன் கிரிக்கெட் மட்டையை வேறு இடத்தில் வை.

முதல் நாள் இட்லியும் சாம்பாரும்தான். நெல்லிக்குப்பத்து அம்மா கொடுத்த முருங்கைக்காய்கூட அதற்குள் வாடிவிடும். அத்தை சாம்பாரைப் பார்ப்பாள். ஒரு வாய் வைப்பாள். அப்புறம் அவள் முகத்தில் ஒன்று தோன்றும், வாய் திறக்கப் போகும், மூடிக்கொள்ளும். இரண்டு பேரும் அப்போது சிரிக்கக் கூடாது. ஜெனி, நீ கண்டிப்பாகச் சிரிக்கக் கூடாது. அத்தை உனக்காகப் படுகிற பாடு அதுதான்.